ஈரப் பார்லி கெடாது, காற்றுப் படாதவரை

போன ஐப்பசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு மூட்டை மக்காச்சோளம் கிடந்தது. மாட்டுக்காக மேட்டுப்பாளையத்தில் வாங்கி, கோத்தகிரிக்கு ஏற்றி வந்தது. வாங்கும்போதே மணி கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது. விலை குறைவு என்பதால் கண்டுகொள்ளவில்லை. வந்ததிலிருந்து விடாத மழை, காயப்போட வழியில்லை. ஐந்தாம் நாள் தீவனம் எடுக்க மூட்டைக்குள் கையை விட்டேன், சுரீரென்று சுட்டது. வெளியே பல் கிட்டும் குளிர், மூட்டைக்குள் வெந்நீர்ச் சூடு! கையை வெளியே எடுத்தால் பச்சையும் சாம்பலுமாக ஒரே பூசணத் தூள். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் என் மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். கனடாவில், அல்பர்ட்டா மாகாணத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை. வீடியோவில் பார்லி அறுக்கிறார்கள், தாளில் இன்னும் பச்சை முழுக்கப் போகவில்லை. மணிகளை உள்ளங்கையில் வைத்து நகத்தால் அழுத்திக் காட்டுகிறார், தடம் விழுகிறது. "நூத்துக்கு முப்பது தண்ணி இருக்கு மாப்ளே, இதை இப்படியே சேமிச்சு வருஷம் பூரா மாட்டுக்குப் போடப் போறோம்" என்கிறார். அன்றைக்குச் சிரித்தேன். மூட்டை கெட்ட பிறகுதான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் சோளம் ஐந்து நாளில் கெட்டது, அதைவிட ஈரமான அவர்கள் பார்லி எப்படி ஒரு வருஷம் நிற்கிறது?

காயாத தானியம் கெடும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். சரிதான், ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. காயாத தானியம் காற்றுப் பட்டால் கெடும். காற்றை அடைத்துவிட்டால் அதே தானியம் புளிக்கும். புளித்தது மாட்டுக்கு நல்ல தீவனம்.

அறுத்த மணி செத்த பொருள் இல்லை, அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஈரம் 12, 13 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் அந்த மூச்சு கிட்டத்தட்ட அடங்கிவிடும், பூசணத்துக்கும் பிழைக்கத் தண்ணீர் இருக்காது. அதனால்தான் களத்தில் காயவைக்கிறோம், பல்லில் கடித்து 'கடக்' என்று சத்தம் வருகிறதா என்று பார்க்கிறோம். ஈரம் கூடக் கூட மூச்சும் கூடும். மூச்சு விட்டால் சூடு வரும், கூடவே இன்னும் கொஞ்சம் தண்ணீரும் வரும். அந்த ஈரத்தில் பூசணம் முளைத்துத் தன் பங்குக்கும் சூட்டைக் கூட்டும். என் மூட்டையில் நடந்தது இதுதான், சாக்கின் ஒவ்வொரு கண்ணும் அதற்குக் காற்று ஊட்டிக்கொண்டிருந்தது.

இதே ஈர மணியை நசுக்கி, இறுக்கி மிதித்து, காற்றுப் புகாமல் மூடினால் என்ன ஆகும்? உள்ளே மிச்சமிருக்கும் காற்றை மணியே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடும். அப்புறம் பூசணத்துக்கு வேலை இல்லை. காற்று இல்லாமல் வாழத் தெரிந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி, மணியில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலமாக மாற்றும். நம் வீட்டுத் தயிரைப் புளிக்க வைக்கும் அதே கூட்டம்தான். புளிப்பு ஏற ஏறக் குறையும் பிஹெச் அளவு 4.5-க்கோ 4-க்கோ இறங்கியதும் அந்தப் பாக்டீரியாக்களுக்கே வேலை ஓடாது. அப்படியே நின்றுவிடும். மூடியைத் திறக்காதவரை மாதக்கணக்கில் அது அதே நிலையில் இருக்கும். மக்காச்சோளத் தட்டையையும் பசும்புல்லையும் நறுக்கிக் குழியில் போட்டு ஊறுகாய்ப்புல் செய்பவர்களுக்கு இது புதிதில்லை. இங்கே தட்டையை விட்டுவிட்டு மணியை மட்டும் ஊறப்போடுகிறோம், அவ்வளவுதான். அதில் முக்கால் பாகம் தண்ணீராக இருக்கும், இதில் முக்கால் பாகம் மாவும் சத்தும். அதனால் இதைப் புல் இடத்தில் வைக்கக் கூடாது, தவிடு, புண்ணாக்கு மாதிரி அடர்தீவனத்தின் இடத்தில் வைக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை மறந்தால் மாடு படுத்துவிடும். பின்னால் வருகிறேன்.

அங்கே எதற்கு இந்தப் பாடு? அல்பர்ட்டாவில் இறைச்சி மாடுகளுக்கு முக்கியமான தானியமே பார்லி. கன்றுகள் முதலில் மேய்ச்சலில் வளரும். பிறகு பெரிய பட்டிகளில் அடைத்து, கடைசி மாதங்களில் உலர் எடைக் கணக்கில் தீனியில் 80, 90 சதவீதம் வரை பார்லி கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். அந்தக் குளிர் நாட்டில் மணி வயலிலேயே காயக் காத்திருந்தால் மழையும் பனியும் முந்திக்கொள்ளும். பின்லாந்து, ஸ்காட்லாந்து மாதிரி இடங்களிலும் இதே தொல்லை, இதே வழி.

நம் மலையில் நிலைமை வேறு. கறிக்கென்று மாட்டைக் கட்டித் தீனி போடுகிறவர் இங்கே அபூர்வம், ஜெர்சிக் கலப்பு இரண்டு, கூட ஒரு கிடேரி, அவ்வளவுதான் பெரும்பாலான வீட்டுத் தொழுவம். காளைக்கன்றும் பால் வற்றிய மாடும் வண்டியேறிக் கேரளாப் பக்கம் போகும், அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் மாட்டின் வயிறு கனடாவானாலும் கோத்தகிரியானாலும் ஒன்றுதான். மழையும் பனிமூட்டமும் தானியத்தைக் காயவிடாத தொல்லையும் ஒன்றுதான்.

பார்லியும் இந்த மலைக்கு அந்நியமில்லை. நாம் இன்றைக்கு அதைக் காய்ச்சலுக்கும் நீர்க்கடுப்புக்கும் கஞ்சி வைக்கிற மளிகைச் சரக்காக மட்டும் பார்க்கிறோம். தேயிலையும் உருளைக்கிழங்கும் கேரட்டும் மலையைப் பிடிக்கும் முன் படுகர் நிலங்களில் சாமை, கேழ்வரகு, கோதுமையோடு பார்லியும் விளைந்தது. இப்போது ஒரு பார்லிப் பாத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் தேட வேண்டும். ஆனால் தேவை போய்விடவில்லை. உருளைக்கிழங்கின் வேரைப் பிடிக்கும் முட்டைக்கூட்டு நூற்புழுவை 1961-இல் ஊட்டியில் கண்டுபிடித்தார்கள், இன்றுவரை அது போகவில்லை. தானியப் பயிரின் வேரில் அந்தப் புழு பிழைக்காது. கிழங்குக்குக் கிழங்கு என்று போடாமல் நடுவே ஒரு போகம் பார்லியோ கோதுமையோ ஓட்ஸோ போட்டால் புழுவுக்குச் சாப்பாடு இல்லாமல் போகும். விளைந்த பார்லியைக் காயவைப்பதுதான் சிக்கல். கார்போகத்தில், மே மாதம் விதைத்தால் ஆவணி, புரட்டாசியில் கதிர் முற்றும். அப்போது ஊட்டிப் பக்கம் வெயிலை எங்கே போய்த் தேடுவது? முற்றிய கதிர் மழையில் நின்றால் கதிரிலேயே முளைவிடும், கழுத்து ஒடிந்து மண்ணில் கொட்டும்.

ஈரத்தோடு அறுப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் இரண்டு வாரம் முன்பே அறுத்துவிடுவார்.

முன்னாலேயே அறுத்தால் மணி சூம்பிவிடாதா என்று கேட்கலாம், நானும் கேட்டேன். பார்லி மணியில் பால் பிடித்து, மாவாகி, கெட்டிப்படுகிறது. ஈரம் 35, 40 சதவீதத்துக்கு இறங்கும்போதே செடியிலிருந்து மணிக்குப் போகும் சத்து நின்றுவிடும். அதற்கப்புறம் வயலில் நடப்பது வெறும் உலர்தல். எனவே 30 சதவீதத்தில் அறுப்பவர் ஒரு கிராம் மாவைக்கூட இழப்பதில்லை. கொட்டும் மணி மிச்சமாகும், தாளும் முழுக்கக் காய்ந்து சக்கையாவதற்கு முன் கைக்கு வரும். மாட்டுக்கு அந்தத் தாள் காய்ந்த வைக்கோலைவிட ருசி.

சரி, எந்த ஈரத்தில் அறுப்பது? 25-க்கும் 35-க்கும் நடுவே. கைப்பழக்கம் வரும்வரை 30-ஐக் குறிவையுங்கள். 25-க்குக் கீழே போனால் மணி இறுகாது, இடையில் காற்று நிற்கும், புளிக்கவும் தண்ணீர் போதாது. சேமிக்கவும் முடியாமல் புளிக்கவும் முடியாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும் ஈரம் 16-லிருந்து 24 வரை. என் சோளமும் அந்த நடுத்தெருவில்தான் நின்றிருக்க வேண்டும். 35-க்கு மேலே இருந்தால் கதிரிலிருந்து மணி சரியாகப் பிரியாது, சேமித்த இடத்தில் நீர் வடியும்.

கண்ணுக்கு அடையாளம் உண்டு. கதிருக்குக் கீழே உள்ள காம்பில் பச்சை போய் வைக்கோல் நிறம் வந்திருக்க வேண்டும். மணியை நகத்தால் அழுத்தினால் பால் பீச்சக் கூடாது, பிசையவும் கூடாது, தடம் மட்டும் விழ வேண்டும். ஆனால் கண்ணை மட்டும் நம்பினால் ஐந்தாறு சதவீதம் தவறும். அடுப்படியிலேயே அளந்துவிடலாம். நூறு கிராம் மணியை நிறுத்து, இரும்புச் சட்டியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். சிவக்கக் கூடாது, சிவந்தால் தண்ணீரோடு மணியும் எரிகிறது என்று அர்த்தம், கணக்குத் தப்பும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு தடவை தொடர்ந்து ஒரே எடை வந்தால் இறக்கிவிடலாம். 71 கிராம் மிஞ்சினால் ஈரம் 29 சதவீதம். நான் முதல் தடவை இதைச் செய்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "வறுக்கிறதுதான் வறுக்கிற, ரெண்டு கல்லு உப்பையும் போடு" என்றார்.

ஒரே இடத்தில் மணி பறித்து அளக்காதீர்கள். நம்முடையது படிப்படியான சரிவு நிலம். மேல்பாத்தி காற்றும் வெயிலும் பட்டு முன்னால் காயும், கீழ்ப்பாத்தியில் பனி பதினொரு மணிவரை உட்கார்ந்திருக்கும். ஒரே நாளில் மேலே 26-ம் கீழே 33-ம் வரலாம். இரண்டும் நம் வரம்புக்குள்தான், கலந்துகொள்ளலாம்.

அடுத்த வேலை நசுக்குவது. பார்லியின் உமி மணியோடு ஒட்டியது, முரடு. முழுசாகக் கொடுத்தால் நிறைய மணி அப்படியே சாணியில் வந்துவிடும். கனடாவில் இரட்டை உருளைக்கு நடுவே விட்டு ஒவ்வொரு மணியும் பிளந்து தட்டையாகும்படி நசுக்குகிறார்கள், மாவாக்குவதில்லை. நசுங்கிய மணி நன்றாக இறுகும், புளிக்கவும் செய்யும். இங்கே அந்த உருளைக்கு நான் எங்கே போவேன்? மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, "இது கல்லுல அப்பிக்கும், அப்புறம் நாளைக்கு மிளகாப்பொடி அரைக்கிறவங்க என்னைத் திட்டுவாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது நியாயம். கடைசியில் உரலும் உலக்கையும்தான். நாற்பது கிலோவுக்கு ஒரு முழு நாள், தோள்பட்டை கழன்றுவிட்டது. ஒரு மூட்டை, இரண்டு மூட்டைக்கு இது ஓடும். அதற்கு மேல் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து உருளை இயந்திரம் வாங்குவதைத்தான் யோசிக்க வேண்டும்.

அறுத்த அன்றே நசுக்கி அன்றே அடைத்துவிட வேண்டும். இரவு முழுக்கக் குவியலாக வைத்தால் காலையில் குவியலுக்குள் கை வெதுவெதுக்கும், அந்தச் சூடு நம் மாட்டுக்குப் போக வேண்டிய சத்து எரிகிற சூடு. அல்பர்ட்டாவில் டிராக்டரை மேலே ஏற்றி ஏற்றி இறக்கிக் குழியை இறுக்குகிறார்கள். நமக்குக் கால் போதும். அரைச் சாண் உயரத்துக்கு ஒரு அடுக்கு போட்டு, குதிகாலால் மிதித்து, அப்புறம் அடுத்த அடுக்கு. ஓரத்தில்தான் காற்று ஒளிந்திருக்கும், அங்கே கட்டை விரலையோ உலக்கை நுனியையோ விட்டுக் குத்த வேண்டும்.

எதில் அடைப்பது என்பதில் முக்கால்வாசிப் பேர் தவறு செய்வார்கள், நானும் கிட்டத்தட்டச் செய்திருப்பேன். நீல நிற 200 லிட்டர் டிரம் ஒன்று வீட்டில் சும்மா இருந்தது. மச்சானிடம் சொன்னதும், "உன் மாடு ரெண்டும் ஒரு நாளைக்கு எவ்வளவு திங்கும்?" என்று கேட்டார். இரண்டுக்குமாகச் சேர்த்து 3 கிலோ கொடுப்பதாகத் திட்டம். மிதித்து நிரப்பினால் அந்த டிரம்மில் 150 கிலோவாவது பிடிக்கும், 50 நாள் தீனி. டிரம்மின் உயரம் சுமார் மூன்றடி, ஆக ஒரு நாளைக்கு எடுப்பது இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. திறந்த முகத்தில் காற்று அதைவிட வேகமாக இறங்கும், நாம் கீழே தோண்டத் தோண்டப் பூசணம் பின்னாலேயே வரும். பெரிய பண்ணையில் தினமும் 10, 15 சென்டிமீட்டராவது வெட்டி எடுப்பதால் காற்று தோற்றுவிடுகிறது. இரண்டு மாட்டுக்காரர் சின்னச் சின்னதாக அடைக்க வேண்டும், ஒன்றைத் திறந்தால் ஐந்தாறு நாளில் தீர்ந்துவிட வேண்டும். வர்க்கி போடும் பேக்கரியில் காலியான 20 லிட்டர் மூடி வாளிகள் கிடைத்தன. ஒன்றில் 15 கிலோ, சரியாக ஐந்து நாள். ரசாயனம், பெயிண்ட் வைத்த வாளி வேண்டாம்.

வெல்லப்பாகு சேர்க்கலாமா, உப்புப் போடலாமா என்றெல்லாம் கேட்பார்கள். ஈரம் சரியாக இருந்து, காற்றும் அடைபட்டிருந்தால் எதுவும் தேவையில்லை. புரொப்பியோனிக் அமிலம் தெளித்து, மூடாமலேயே ஈர மணியைச் சேமிக்கும் முறையும் உண்டு. அந்த அமிலம் தோலையும் தகரத்தையும் அரிக்கும், வீட்டுக் கொல்லையில் வேண்டாம். யூரியா கலக்கும் யோசனையைத் தெரியாதவர் தொடவே கூடாது, அளவு தப்பினால் மாடு செத்துவிடும். பெரிதாகக் குழி வெட்டிச் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புளிக்கும் குழியில் கரியமில வாயு கீழே தங்கும். கிணறு தூர்வாரும்போது ஆள் மயங்குவது மாதிரி இங்கேயும் மயங்கலாம், மூடி திறந்தவுடன் தலையை உள்ளே விடாதீர்கள்.

மூன்று வாரத்தில் புளிப்பு அடங்கிவிடும் என்பார்கள். நம் குளிருக்கு நான் ஒரு மாதம் விட்டேன்.

கொடுப்பதில்தான் நிதானம் வேண்டும். முதலில் எடைக் கணக்கு. 12 சதவீத ஈரமுள்ள 1 கிலோ காய்ந்த பார்லியில் 880 கிராம் சத்துப்பொருள், மிச்சம் தண்ணீர். 30 சதவீத ஈரமுள்ள 1 கிலோவில் 700 கிராம்தான். ஆகவே முன்பு 1 கிலோ காய்ந்த தானியம் கொடுத்த இடத்தில் இதை 1 கிலோ 250 கிராம் கொடுக்க வேண்டும். யாரிடமாவது ஈர மணியாக விலைக்கு வாங்கினாலும் இதே கணக்கைப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீருக்குக் காசு கொடுத்தவராவீர்கள்.

அடுத்தது வயிறு. பார்லியின் மாவுச்சத்து அசைபோடும் மாட்டின் பெருவயிற்றில் மக்காச்சோளத்தைவிட வேகமாகப் புளிக்கும், ஊறிய ஈர மணி இன்னும் வேகம். ஒரே நாளில் ஒரு சட்டி நிறைய வைத்தால் வயிற்றில் அமிலம் கூடி, மாடு தீனியை விட்டுவிடும், அசை நிற்கும், சாணி நுரைத்துக் கழியும், வயிறு உப்பும். பின்னால் குளம்பு வலித்து நொண்டுவதும் உண்டு. கால் கிலோவில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். கூடவே நார்த்தீவனம் கட்டாயம்: கிக்குயூப் புல்லோ, வைக்கோலோ, அந்தப் பார்லித் தாளோ. முதலில் புல், பிறகு பார்லி, வெறும் வயிற்றில் வேண்டாம். பார்லியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம், அதனால் தாது உப்புக் கலவையைக் கையோடு சேர்த்துவிடுங்கள். தினமும் சாணியைப் பாருங்கள். அசை நின்று, மாடு தலையைத் தொங்கப்போட்டால் கை வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பூசணம் பிடித்ததை 'மேலே மட்டும்தானே' என்று கிளறிக் கலந்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம். சில பூசணங்களின் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுக்கும், பாலில் இறங்கி நம் டம்ளருக்கும் வரும், காய்ச்சினாலும் போகாது.

இந்த ஆவணியில், ஊட்டிப் பக்கம் கிழங்குக்கு மாற்றாகப் பார்லி போட்டிருந்த ஒரு தெரிந்தவரிடம் நாற்பது கிலோ சொச்சம் வாங்கினேன். சட்டியில் வறுத்துப் பார்த்தபோது 29 சதவீதம் ஈரம். மூன்று வாளி. ஒரு மாதம் கழித்து முதல் வாளியைத் திறந்தேன். மணி பழுப்பு மஞ்சளாக, தொட்டால் குளுமையாக இருந்தது, பழைய சோற்றுத் தண்ணியும் கொஞ்சம் ஆப்பிளும் கலந்த மாதிரி ஒரு புளிப்பு வாசம். கால் கிலோ வைத்தேன், மாடு தின்றுவிட்டு வாளியை நக்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வாளியின் மூடி ஓரத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரு வெடிப்பு இருந்ததை நான் பார்க்கவில்லை. திறந்தால் மேலே நாலு விரல் கனத்துக்கு வெள்ளையும் பச்சையுமாகப் பாய் விரித்திருந்தது. அதையும் அதற்குக் கீழே ஒரு சாண் ஆழத்தையும் வழித்து எருக்குழியில் கொட்டினேன். அடியில் மிஞ்சியது கொஞ்சம்தான், அதில் வாசம் சரியாக இருந்தது. மாட்டிடம் மோந்து பார்க்கக் கொடுத்த பிறகுதான் தொட்டியில் போட்டேன்.